கார்த்திகையில் முடிந்த வருஷம்

எங்கள் வருஷம் கார்த்திகையில் முடிந்துவிடும். மதுரையில் அண்ணன் அரையாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, கொடைக்கானல் கான்வென்டில் நாங்கள் முழு ஆண்டுப் பரீட்சையே எழுதி முடித்திருப்போம். ஜனவரிக் கடைசியில் திறக்கும் பள்ளி நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ மூடும். கத்திரி வெயிலில் ஊரே சுருண்டு கிடக்கும்போது நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணக்குப் போடுவோம். ‘ஊர்ல இல்லாத பள்ளிக்கூடமால்ல இருக்கு’ என்று அப்பத்தா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

அது வெள்ளைக்காரர்கள் வகுத்த கணக்கு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டியதே கீழ்நாட்டு வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பத்தான். வெயில் மாதங்களில் பிள்ளைகளை மேலே வைத்துக்கொள்வது, குளிர் முற்றும்போது கீழே பெற்றோரிடம் அனுப்புவது என்று மலைப் பள்ளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டாயிற்று. மிஷன் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1916இல் பிரசன்டேஷன் கான்வென்ட் வந்தது. நான் எண்பதுகளின் தொடக்கத்தில் படித்தது இவற்றையெல்லாம்விடச் சின்னப் பள்ளி. ஆனால் காலண்டர் மட்டும் அதே பழைய காலண்டர்.

விடுதியில் எங்களுக்குப் பெயர் அதிகம் பயன்படாது. சலவைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நாங்கள் எண்கள். பெட்டிக்கோட்டிலிருந்து கைக்குட்டை வரை வெள்ளை நாடாவில் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். என்னுடையது 63. எங்களுக்குள் நாங்கள் ஊர்கள்: போடிக்காரி, சிவகாசிக்காரி, காரைக்குடிக்காரி, பெரியகுளத்துக்காரி. போடிக்காரி வீட்டில் ஏலக்காய் வியாபாரம். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் படுக்கைக்கூடம் முழுக்க மணக்கும். காரைக்குடிக்காரி கொண்டுவரும் சீடை டப்பா முதல் வாரமே காலியாகிவிடும், டப்பா மட்டும் வருஷம் பூராவும் பென்சில் பெட்டியாக இருக்கும்.

வருஷக் கடைசி வந்துவிட்டதை முதலில் சொல்வது மழைதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். கரும்பலகை நனைந்து சாக்பீஸ் வழுக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. வெந்நீர் அடுப்பங்கரையில் கயிறு கட்டி அத்தனை பேர் காலுறைகளையும் தொங்கவிட்டிருப்பார்கள்; ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனையோடுதான் பரீட்சைக்குப் படித்தோம். பிள்ளைகள் கால்விரல் குளிரில் சிவந்து தடித்து அரிக்கும். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவிவிட்டு, ‘ஊருக்குப் போனா ஒரே நாள்ல சரியாயிரும் பாப்பா’ என்பார் ஆயம்மா. அது உண்மைதான். வத்தலக்குண்டு வெயில் பட்டதும் சரியாகிவிடும்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி கோக்கர்ஸ் வாக் போவோம். 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலைவிளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை அது. மேகம் கிழிந்த நேரத்தில் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி அப்படியே விரியும். ‘அதோ எங்க வீடு’ என்று பெரியகுளத்துக்காரி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தைக் காட்டுவாள். யாரும் மறுக்க மாட்டோம். கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் அந்த ஊருக்கு அவள் போய்ச்சேர, காட் ரோட்டில் வளைந்து வளைந்து வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்தச் சாலை போடப்படுவதற்கு முன்பு, பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக டோலியில்தான் துரைமார்கள் ஏறினார்கள். எங்கள் ஆயம்மா அந்த வெள்ளகவிக்காரர். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரே கோயில் என்று அவர் சொன்னபோது, ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை போட்டிருந்த நாங்கள் வாயைப் பிளந்தோம்.

கடைசிப் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து பள்ளி வேறு பள்ளியாகிவிடும். அதுவரை சாப்பாட்டுக்கூடத்தில் பேசக் கூடாது, அன்றிலிருந்து பேசலாம். அதுவரை வாரம் மூன்று நாள் சௌசௌ கூட்டு, மிச்ச நாள் பட்டர் பீன்ஸ். அன்றிலிருந்து சமையற்கட்டில் கேக்குக்குச் சர்க்கரை கருக்கும் மணம். டிசம்பர் 25க்கு நாங்கள் யாரும் அங்கே இருக்க மாட்டோம் என்பதால் எங்கள் கிறிஸ்துமஸ் மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிடும். கேரளத்துச் சிஸ்டர் பெரிய அண்டாவில் மாவைக் கொட்டி, ஆளுக்கு ஒரு சுற்று கிண்டவிடுவார். கிண்டும்போது மனதில் ஒன்று வேண்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒன்றையேதான் வேண்டியிருப்போம்: மழை விட வேண்டும், சாலை அடைபடக் கூடாது.

பிறகு நாடகம். மாதாவாக நடிக்க நிறம் பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும். அதனால் அது எப்போதும் காரைக்குடிக்காரிக்குத்தான் போகும். சிவகாசிக்காரிக்குச் சூசையப்பர் வேஷம், கரியால் தாடி. இடையர்களுக்கு ஆயம்மாவின் சொந்தக் கம்பளி. நான் இரண்டு வருஷம் ஆடாக இருந்தேன். மருத்துவப் பஞ்சைக் கஞ்சிப் பசையில் தோய்த்து முதுகில் ஒட்டுவார்கள். காய்ந்ததும் அது முறுமுறுவென்று உதிரும். பெத்லகேம் மேடையெங்கும் என் பஞ்சு கிடக்கும்.

நாடகம் முடிந்த மறுநாள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகள் இறங்கும். வருஷ ஆரம்பத்தில் கொடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்: போர்வை 2, துண்டு 3, காலுறை 6 ஜோடி. எல்லாருக்கும் எதுவோ குறையும், எல்லாரிடமும் அடுத்தவள் எண் போட்ட எதுவோ ஒன்று இருக்கும். கூடம் முழுக்க ‘47 யாருடீ? 12 கைக்குட்டை யாருக்கு வேணும்?’ என்று ஏலக்கடை மாதிரிக் கத்தல். ஆட்டோகிராஃப் புத்தகங்கள் கைமாறும். எதிரிகள் அன்றைக்குச் சமாதானம் ஆவார்கள். நெருங்கிய தோழிகள், யார் முதல் பக்கத்தில் எழுதுவது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்த அமளிக்கு நடுவில்தான் அவள் வருவாள். ஆயம்மாவின் மகள். என் வயசு. நகராட்சிப் பள்ளியில் படித்தாள். சாயங்காலம் பள்ளி விட்டதும் நீலப் பாவாடையோடு நேராக இங்கே வந்து, அம்மாவோடு சேர்ந்து போர்வைகளை உதறி மடிப்பாள். போர்வையின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிப்பாள். மடித்து மடித்து நெருங்கி வரும்போது இரண்டு வார்த்தை பேசுவோம்.

‘உனக்கு லீவு விடலையா?’ என்று கேட்டேன்.

‘எங்களுக்கு ஏப்ரல்லதான். இப்ப அரப்பரீச்ச.’

ஒரே மலையில் இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அரசுப் பள்ளிகளுக்கு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் வருஷம். அது சமவெளியின் வெயிலுக்காக வகுத்தது. மலையில் பிறந்தவளுக்குச் சமவெளியின் காலண்டர். சமவெளியிலிருந்து போன எங்களுக்கு மலையின் காலண்டர். ஏப்ரல், மே அவளுக்கு விடுமுறை என்றாலும் அதுதான் கொடைக்கானலுக்குச் சீசன். ஏரிக்கரையில் படகுக்கு வரிசை நிற்கும். அவள் வேர்க்கடலையும் பிளம்ஸும் கூறு கட்டி விற்பாள். நாங்கள் வரிசையில் போகும்போது பார்த்திருக்கிறோம். வரிசையில் பேசக் கூடாது என்பதால் நான் புருவத்தை உயர்த்துவேன். அவள் கூறிலிருந்து ஒரு பிளம்ஸை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, கடித்துக்கொள்வாள்.

1982 குறிஞ்சி பூத்த வருஷம். ஆகஸ்டிலிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்துச் சரிவுகள் நீலமாகக் கிடந்தன. வருஷக் கடைசியில் பூ போய்ச் செடிகள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. பூத்து விதைத்ததும் அந்தச் செடி மாண்டுபோகும். அவள் காகிதத்தில் மடித்து ஒரு பிடி விதை கொடுத்தாள். ‘ஊர்ல போட்டா வராது. சும்மா வச்சுக்க’ என்றாள். அடுத்தது 1994 என்று கணக்குப் போட்டபோது எங்களுக்கு இருபத்து நாலு வயசாகும் என்று வந்தது. ‘கழுதை வயசு’ என்று இருவரும் சிரித்தோம்.

ஒரு வருஷம் எங்கள் கேக் வேண்டுதல் பலிக்கவில்லை. புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின இரவு பெய்த மழையில் காட் ரோட்டில் மரம் விழுந்து, மண்ணும் சரிந்துவிட்டது. பெட்டிகள் பூட்டிக் கயிறு கட்டியாயிற்று. மெத்தைகள் சுருட்டியாயிற்று. கொடைரோடில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டிய மெட்ராஸ் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். சாலை திறக்கும்வரை விடுதியில் எந்த மணியும் அடிக்கவில்லை. சமையற்கட்டில் ரேஷன் கணக்கும் முடிந்திருந்தது. இருந்த அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுக் கிச்சடி. மதர் முழுக்கையை முழங்கை வரை மடித்து வெங்காயம் உரித்ததை அப்போதுதான் பார்த்தேன். விறகு கொண்டுவருகிறவர், பால்காரர், சலவைக்காரர், அவர் மனைவி என்று அதுவரை பின்வாசலோடு போய்விடுகிற அத்தனை பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எண்கள் தைத்த எங்கள் துணிகளை வருஷம் முழுக்கத் துவைத்தவர், ‘63 நீதானா? உன் காலுறைதான் எப்பவும் மண்ணு’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கூடமே சிரித்தது.

அன்றைக்குத்தான் ஆயம்மாவிடம், நாங்கள் போனபிறகு இங்கே என்ன நடக்கும் என்று கேட்டோம். அவர் சொல்லச் சொல்ல அதுவும் ஒரு முழுப் பருவம் என்று தெரிந்தது. தை பிறந்தால் மழை ஓய்ந்து பகலெல்லாம் சுள்ளென்று வெயில் அடிக்கும். மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி உலர்த்தித் திரும்ப அடைப்பது அப்போதுதான். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு மெழுகு, ஜன்னலுக்கு வர்ணம். ஜனவரியில் நாங்கள் வந்து, புதிது போலிருக்கிறதே என்று மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கும் மெத்தைகளெல்லாம் ஆயம்மாவும் மகளும் தைத்தவை. பொங்கலுக்கு மட்டும் வேலையை நிறுத்தி, பழைய டோலிப் பாதையில் நடந்தே வெள்ளகவிக்கு இறங்குவார்கள்.

‘விடியக்காலம் புல்லு பூரா உப்புக் கொட்டுன மாதிரி இருக்கும்’ என்று மகள் உறைபனியைச் சொன்னாள். ‘ஏரி ஓரத்துல சுரண்டி உருண்டை பிடிக்கலாம்.’ நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வருஷத்தில் பத்து மாதம் கொடைக்கானலில் குளிர்கிறது என்று புலம்பியவர்கள், நிஜமான குளிர் வருவதற்குள் ஊருக்குப் போய்விடுகிறவர்கள்தானே.

சாலை திறந்ததும் பஸ் வந்தது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் செய்தித்தாள். பெருமாள்மலை தாண்டும்போது காது அடைக்கும், முதல் வாந்தி அங்கேதான். காமக்காபட்டி சோதனைச்சாவடியில் முதல் ஸ்வெட்டர் கழலும். வத்தலக்குண்டில் புரோட்டா வாசனை வந்ததும் கான்வென்ட் பாஷை எல்லாருடைய வாயிலிருந்தும் உதிர்ந்து, போடிக்காரி போடிப் பேச்சும் காரைக்குடிக்காரி செட்டிநாட்டுப் பேச்சும் பேச ஆரம்பிப்பார்கள்.

சிவகாசிக்காரியின் அப்பா அச்சகம் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அடுத்த வருஷத்து நாள்காட்டிகளை ஒரு கட்டு அனுப்புவார். மதருக்கு ஒன்று, சமையற்கட்டுக்கு ஒன்று, ஆயம்மாவுக்கு ஒன்று. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியது. அந்த வருஷம் நாள்காட்டியை வாங்கிக்கொண்ட ஆயம்மா, ‘பொம்பளப் பிள்ளைகளுக்குன்னே காலேஜ் வந்திருக்காம்ல சிஸ்டர், நம்ம பிள்ளைய அதுல சேப்பாங்களா?’ என்று கேட்டார். ‘முதல்ல பத்தாவது முடிக்கட்டும்’ என்றார் சிஸ்டர். ‘முடிச்சிருவா’ என்றார் ஆயம்மா, யோசிக்காமல்.

மலைப் பள்ளியில் படித்தவர்கள் கூடினால் பேசுவதெல்லாம் மேகம், கேக், நாடகம், பெட்டி. நானும் இங்கே அவற்றைத்தான் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது பத்து மாதங்கள். காலியான அந்தக் கட்டடத்தில் வெயில் எப்படி விழுந்தது, அறுபத்து சொச்சம் மெத்தைகளைத் தைக்க எவ்வளவு நூல் ஆயிற்று, நாங்கள் இல்லாத கொடைக்கானல் அதன் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது என்பதையெல்லாம் எழுத வேண்டியவள் ஆயம்மாவின் மகள். அவள் எழுதினால் அதில் நாங்கள் சீசன் கூட்டம் போல வந்து போகிறவர்களாக இருப்போம். அதுதான் சரியான அளவும்கூட.