15க்கு 15

ஜனவரி 8

இவருடைய வலிப்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார் டாக்டர். தூக்கம், கோபம், தலைவலி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வரச் சொன்னார். அதற்காக வாங்கிய நோட்டு. தூக்கம்: 10 மணி நேரம். கோபம்: ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டு பறந்தது. பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஜனவரி 11

டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலுவழிச் சாலையில் பைக்கோடு விழுந்தவரைக் கொண்டுபோன அன்று ஜிசிஎஸ் 6. வீட்டுக்கு அனுப்பும்போது 15. சுயநினைவை அளக்க 1974இல் கிளாஸ்கோவில் இரண்டு டாக்டர்கள் உண்டாக்கிய அளவு அது. குறைந்தது 3, முழுசுக்கு 15. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கைகாலை அசைக்கிறாரா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். 15 என்றதும் நானும் அத்தையும் கட்டிப்பிடித்து அழுதோம். நாலு பேர் கூடின இடத்தில் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பதற்கு அதில் மார்க் கிடையாது.

பிப்ரவரி 3

சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மொய் எழுதுகிறவர் பக்கத்தில் இவர் போய் உட்கார்ந்துகொண்டார். முன்பெல்லாம் சொந்தத்தில் எந்தச் சண்டையானாலும் இவர்தான் பேசித் தீர்ப்பார். எந்த மாமாவுக்கு முதலில் பத்திரிகை வைக்கணும், யாரை யார் பக்கத்தில் உட்காரவிடக் கூடாது, எல்லாம் அத்துப்படி. இன்று பங்காளி ஒருவர் 500 ரூபாய் நீட்டினார். "500தானா? உங்க வீடு பால்காய்ச்சுக்கு இவங்க 2000 செஞ்சாங்களே!" என்றார் இவர். பக்கத்திலேயே மைக். மண்டபம் முழுக்கக் கேட்டது.

கணக்கு தப்பில்லை. 2000தான். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் அடி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாபகம் அப்படியே இருக்கிறது. நினைத்தது வாய்க்கு வராமல் பிடிக்கிற பிரேக்தான் போய்விட்டது.

யாரும் இவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பந்தியில் எங்கள் இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் இலை மட்டும் கிடந்தது. இவர் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 4

ஒரு போன்கூட வரவில்லை.

பிப்ரவரி 19

"ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்காரு." இன்றைக்கும் ஒருவர். தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது, அதனால்.

மார்ச் 2

மகள் சைக்காலஜி பாடத்தில் படித்ததைச் சொன்னாள். பினியஸ் கேஜ் என்று ஒருவர். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்குப் பாறை உடைத்தவர்களின் மேஸ்திரி. மூன்றரை அடி நீள இரும்புக் கம்பி கன்னத்தில் ஏறி உச்சந்தலையைத் துளைத்துப் போயிருக்கிறது. பிழைத்துவிட்டார். ஆனால் கூட்டாளிகளுக்கு அவர் பழைய ஆளாகத் தெரியவில்லை. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. எழுந்து போகும்போது, "அவர் அப்புறம் சிலி நாட்டுல பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினாரும்மா" என்றாள். தினமும் ஒரே மாதிரி வேலை. அந்த ஒழுங்குதான் அவரைத் தேற்றியிருக்கும் என்று சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்களாம். அதை ஏன்டி கடைசியில் சொல்கிறாய் என்று எரிந்துவிழுந்தேன்.

மார்ச் 9

வெங்காயம் நறுக்கும்போது அப்பா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அழுறியா, இல்ல வெங்காயமா?"

நான் டம்ளர் வைக்கிற சத்தத்திலேயே மனசைக் கண்டுபிடித்த மனுஷர். கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்கிறார், பதிலுக்காக.

மார்ச் 21

"எனக்கு இப்போ கோபம்" என்று சத்தமாகவே சொன்னேன். "சரி" என்று டிவியை அணைத்தார்.

ஏப்ரல் 5

கடலைமிட்டாய்ப் பட்டறை அண்ணன் காலையில் இவரைக் கூட்டிப்போகிறார். மிட்டாயை எண்ணி டப்பாவில் அடுக்குகிற வேலை. மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். இவர் ஒரு பெண்ணின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போக, "ஏலே, வாய மூடிட்டு அடுக்குலே!" என்றார் அண்ணன். இவர் சிரித்தபடியே அடுக்கினார். வீட்டில் நாங்கள் எல்லோரும் இவரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம்.

ஏப்ரல் 13

இன்று மோசம். எழுதவில்லை.

ஏப்ரல் 20

நாத்தனார் போன் செய்தாள். பாப்பாவுக்குக் காதுகுத்து. "கூட்டம் ஜாஸ்தி மதினி. சின்ன அண்ணன் மடியிலயே உட்கார வச்சிரலாம்னு பார்க்கோம்."

மூத்த தாய்மாமன் இவர். பட்டறையில் வாங்கிய சம்பளத்தைச் சீருக்கென்று அலமாரியில் தனியாக வைத்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

மணி 11. இன்னும் தூங்காமல், பாப்பாவுக்குக் கம்மல் எந்தக் கடையில் எடுக்கலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எனக்குக் கோபமாக இருக்கிறது என்று சொன்னேன். யார்மேல என்று கேட்கிறார்.