நாலாம் வகுப்பில் சுந்தரர்

சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் 2024ஆம் ஆண்டு மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட அழைக்கப்பட்ட வெளியார் ஒருவர், முற்பிறவிப் பாவமே இப்பிறவியில் ஊனமாய் வந்து சேர்கிறது என்ற பொருள்படப் பேசியதும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அவ்விடத்திலேயே அதை ஆட்சேபித்ததும், பின்னர் விஷயம் வழக்கும் கைதுமாக வளர்ந்ததும் பத்திரிகை வாசகர்கள் அறிந்தவையே. பள்ளிக்குள் மதம் வரலாமா, வரலாகாதா என்று அறிஞர் பலர் அதையொட்டி வாதித்தார்கள். ராயபுரத்தில் உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் நீதிபோதனைப் பீரியடு எடுத்தே தலை நரைத்து ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்களின் அபிப்பிராயத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மதத்தைப் பேசியதைவிட, எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாராமல் பேசியதே பெரிய அபசாரம் என்று சொல்லியிருப்பேன்.

முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்றும், உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தையை அதில் உட்கார்த்தலாகாது என்றும் அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு விதிக்கிறது. சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றி அறிவூட்டுவது வேறு என்பதை 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. எங்கள் பள்ளியில் அந்த வேற்றுமை ஒரு வராந்தாவின் அகலம்தான். மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு எதிர் அறைக்குப் போய்விடுவார்கள். காசிமேட்டு மீனவர், ஹார்பர் தொழிலாளிகள், கன்டெய்னர் லாரி டிரைவர்கள் ஆகியோரின் பிள்ளைகள், இந்துவும் முஸ்லிமுமாக, என்னிடம் மிஞ்சுவார்கள்.

அவர்களுக்குச் சொல்லக் கதைக்கு எங்கள் பேட்டையில் பஞ்சமில்லை. படகுத் தொழில் செய்த குருகுல வம்சத்தார் எழுப்பிய ராயப்பர் ஆலயமும், தமிழ்நாட்டில் பார்சிகளுக்கென்று உள்ள ஒரே அக்கினி ஆலயமும் ராயபுரத்திலேயே இருக்கின்றன. ஏழுகிணறு பகுதியில் வசித்த வள்ளலார் அடிக்கடி சென்று வழிபட்டது வடக்கே உள்ள திருவொற்றியூரில். குழந்தைக்குத் தண்ணீர் தேடி இரு குன்றுகளுக்கிடையே ஓடிய அன்னை ஹாஜராவின் தவிப்பை, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்று பழகிய பிள்ளைகளுக்கு விரித்துரைக்க வேண்டிய அவசியமே நேர்ந்ததில்லை.

ஆனால் எந்த உபாத்தியாயரின் யோக்கியதையையும் சோதித்துவிடுவது சுந்தரர் கதை. திருவாரூரில் பரவையார் இருக்க, ஒற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும், அதற்கு இசைந்த இறைவனே சங்கிலியாரிடம் போய், மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவைத்ததும், சத்தியம் தவறி ஊர் எல்லையைக் கடந்ததும் அவர் கண்ணொளி இழந்ததும் எல்லோரும் அறிந்ததே. புதிதாக வரும் ஆசிரியர்கள் இந்த இடத்தோடு கதையை முடித்து, சத்தியம் தவறாதே என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, மீதி நேரத்தில் நோட்டுத் திருத்துவார்கள்.

பெரிய சார் என்று நாங்கள் அழைத்த என் முதல் தலைமையாசிரியர் அப்படி முடிக்க யாரையும் விட்டதில்லை. கதையைத் தொடங்குமுன் பெஞ்சுகளைப் பார், இந்தக் கதை யாரைத் தலைகுனிய வைக்கும் என்று பார், பிறகு வாயைத் திற என்பார். கண் தெரியாத பாட்டியைக் கைப்பிடித்துக் கோயில் வாசலுக்கு அழைத்துப் போகும் சிறுமி ஒருத்தி மூன்றாம் பெஞ்சில் இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு கண்பார்வை போனதைத் தண்டனை என்று முடித்தால் அது போதனையா, பாதகமா? ஆகையால் கதை ஒற்றியூர் எல்லையில் நிற்கலாகாது. இன்று பூண்டி ஏரிக்கரையில் உள்ள திருவெண்பாக்கத்தில் இறைவன் ஊன்றுகோல் தந்தது வரையும், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றது வரையும், கண் தெரியாத காலத்திலும் அவர் இறைவனோடு சிநேகிதனாய்ச் சண்டை பிடித்துப் பாடிக்கொண்டே நடந்தது வரையும் போக வேண்டும் என்பது பெரிய சார் வகுத்த விதி. பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை என்று கேட்காதே, அந்தப் பொய்யால் யார் அழுதார்கள் என்று கேள் என்பது இரண்டாவது விதி.

அப்படிக் கேட்டால் வகுப்பு வேறுவிதமாய்ப் பேசும். “இன்னா சார், சாமியே ரெண்டு பக்கமும் பேசுது?” என்று ஒருவன் கேட்டான். அதற்கு, இந்தக் கதையைப் பாடிய சேக்கிழாரின் உரையாசிரியர்கள் சொல்லும் சமாதானம் எதுவும் நாலாம் வகுப்பில் செல்லாது என்பதால், நீயே யோசி என்று விட்டேன். “எங்க நைனா ஞாயித்துக்கெழம வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் போட்டுக்குப் போச்சு, காத்து அடிச்சுதுன்னு வர்ல, அது பொய்யா சார்?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. தவறிப்போன வாக்குக்கும் ஏமாற்றிய வாக்குக்கும் உள்ள பேதத்தை அவ்வளவு சுருக்கமாக நான் எந்தத் தர்மசாஸ்திரத்திலும் படித்ததில்லை.

இந்த வித்தைக்கு இன்று மதிப்பு எங்கே? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் தமிழுக்கு அட்டை வந்தது, கணக்குக்கு அட்டை வந்தது. எங்கள் பீரியடோ கணக்கு ‘போர்ஷன்’ முடிக்கக் கடன் கொடுக்கும் பீரியடாகவே நீடித்தது. இப்போது ஸ்மார்ட் போர்டில் பொம்மைப்படம் ஓட, முடிவில் நீதி எழுத்தாய் வந்து நிற்க, பிள்ளைகள் அதைக் கூட்டமாய்க் கத்திவிட்டுக் கலைகிறார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆறாம் வகுப்பு முதல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பாடமாக்கச் சொன்னது நல்ல காரியமே. ஆயினும் ஒப்பிக்கும் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை, மேடையிலிருந்து இறங்கும்போது அடுத்தவன் காலை மிதித்துவிட்டு ஓடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டு. அந்த ஒரு பீரியடைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். அதை எடுக்க வெளியூர்ப் பேச்சாளரை அழைக்காதீர்கள்; எந்தப் பிள்ளை வீட்டில் என்ன துயரம் என்று அறிந்த வகுப்பாசிரியரிடமே விடுங்கள்.