கோடு போட்ட நோட்டு

1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது எனக்குப் பதினொரு வயது. அந்த வருஷம் எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை செஸ் போர்டு. கல்லூரியில் படித்த பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது சிசிலியன் டிராகனைக் கொண்டுவந்தான். டி6, இ7, எஃப்7, ஜி6, ஹெச்7 என்று கறுப்புச் சிப்பாய்கள் வளைந்து நிற்கும் வரிசை வானத்து டிராகன் விண்மீன் கூட்டம் மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்றான். அந்தப் பெயரிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலும் தோல்வி. எதிராளி ராணிப் பக்கம் கோட்டை கட்டிக்கொண்டு ஹெச் சிப்பாயை விறுவிறுவென்று ஓட்டி வருவார். பிஷப்பை ஹெச்6-இல் வைத்து என் ஜி7 பிஷப்பை வெட்டுவார். ஹெச் வரிசை திறந்ததும் யானை நேரே என் ராஜாவிடம் இறங்கும். அதற்குள் நான் சி வரிசையில் முந்திக்கொண்டு தாக்க வேண்டும். யானையைக் கொடுத்தாவது சி3 குதிரையை வெட்டச் சொல்லியிருந்தான் அண்ணன். யானைமேல் கையைக் கொண்டுபோவேன். ஒரு குதிரைக்கு யானையா என்று மனசு இழுக்கும். கை திரும்பிவிடும்.

டிராகன்மேல் குற்றமில்லை. 1995-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவ் அதை எடுத்து ஆனந்தையே இரண்டு ஆட்டங்களில் வீழ்த்தினார். கொடுக்கத் துணிந்தவர்களின் ஆட்டம் அது.

எதிர்வீட்டில் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் தாத்தா இருந்தார். மூவ்களைப் பழைய குறியீட்டிலேயே சொல்லுவார். எங்களுக்கு இ4, அவருக்கு பி-கே4. ஒருநாள் என் ஆட்டங்களை எழுதி வைத்திருந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த நோட்டில், ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி மூவ் எண்ணுக்கும் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு.

“இருபது இருபத்தஞ்சு மூவ்ல முடிஞ்சதெல்லாம் நீ தோத்தது. நாப்பதைத் தாண்டினது ஆறு. ஆறும் நீ ஜெயிச்சது. பாத்தியாடா?”

நான் பார்த்ததே இல்லை. தோற்ற பக்கத்தை வேகமாகத் திருப்பத்தான் தெரியும்.

“ராணிய மாத்திக்கிட்ட அப்புறந்தான் உனக்கு மூச்சே வருது. உனக்கு எதுக்குடா டிராகன்?”

போர்டைத் திருப்பிக் கறுப்பு ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னாலிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். அவர் வாயில் பி-கியூபி3. என் நோட்டில் சி6. காரோ-கான். 1958-இல் பட்வின்னிக் இதை வைத்துத்தான் ஸ்மிஸ்லோவை அசத்தி உலகப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொன்னார்.

அடுத்த மூவில் டி5. இ4-இல் சிப்பாய்கள் வெட்டுப்பட்டதும் பிஷப் எஃப்5-க்கு வெளியே வந்துவிடும். பிரெஞ்சு ஆட்டத்தில் அதே பிஷப் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். பிறகு வெள்ளைக் குதிரை ஜி3-க்கு வந்து மிரட்டும். பிஷப் ஜி6-க்குப் பின்வாங்கும். உடனே ஹெச் சிப்பாய் ஓடி வரும். என்னைத் தூங்கவிடாத அதே ஹெச் சிப்பாய்! இங்கே பதிலுக்கு என் ஹெச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும், பிஷப்புக்கு ஹெச்7-இல் இடம் கிடைத்துவிடும். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்றும் என் விரலில் இருக்கிறது.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். கரண்ட் போய், சிம்னி விளக்கில் ஆடினோம். இருவரிடமும் ஒவ்வொரு யானை, எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். அவசரமில்லாமல் அதை நகர்த்திக்கொண்டே போனேன். ஐம்பத்தெட்டாவது மூவில் அண்ணன் கை நீட்டினான்.

விடிந்ததும் நோட்டோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் மூவிலிருந்து நிதானமாகப் படித்தார். சிவப்புப் பென்சில் பதினெட்டாவது மூவில் நின்றது.

“இங்கேயே ராணிய மாத்தியிருக்கலாமே. ஏன் மாத்தல?”