பைல் இறங்கும்போது மண்ணுக்கு என்ன ஆகிறது?

முப்பது வருடத்துக்கு மேல் அஸ்திவார வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். பைல் அடிக்கும் சத்தத்தை வைத்தே, கீழே இருப்பது இளகிய மணலா, இறுகிய மணலா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனாலும் ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் கணக்கில் பதில் இருந்ததில்லை.

கடலோர மணலில் ஒரு கட்டடத்துக்கு கான்கிரீட் பைல் அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் பழைய சுண்ணாம்புக் காரை வீடு. அந்த வீட்டு அம்மா வேலியோரம் வந்து, "ஏன் தம்பி, நீங்க அடிக்கிறது அங்க. என் வீட்டுத் தரை ஏன் இறங்குது?" என்று கேட்டார்.

"படியில அரிசி அளக்கும்போது தட்டினா இறங்குமே, அது மாதிரிம்மா" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். இன்னும் எவ்வளவு இறங்கும்? அதைச் சொல்லுங்க."

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. டிசைன் இன்ஜினீயரிடம் பேசி, அந்தப் பக்கத்து வரிசையை மட்டும் துளையிட்டு வார்க்கும் பைலாக மாற்றினோம். வீடு தப்பியது. எங்களுக்குக் கைகொடுத்தது அனுபவம்தான், கணக்கு இல்லை.

காரணம் இதுதான். எங்கள் சூத்திரங்களில் பைல் ஏற்கெனவே மண்ணுக்குள் நிற்கும். அது எப்படி உள்ளே போனது என்ற பேச்சே இருக்காது. நிஜத்தில் பைலின் நுனி மணலைக் கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. நுனிக்கடியில் மணல்துகள்கள் நொறுங்கி மாவாகின்றன. இளகிய மணல் இறுகுகிறது. அதனால் அடுத்தடுத்த பைல்கள் இறங்க அடம்பிடிக்கும். எங்கள் மேஸ்திரிகள் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அடித்துக்கொண்டு போனது இதனால்தான்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. மண்ணை வலைபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள். கட்டடத்தின் சிறிய அசைவுக்கு அது போதும். பைலை உள்ளே செலுத்தினால் கட்டங்கள் கோணிக்கொண்டு, கணக்கு நின்றுவிடும்.

1994-ல் அமெரிக்காவில் டெபோரா சல்ஸ்கியும் உடனிருந்தவர்களும் ஒரு வழி சொன்னார்கள். நம் வீட்டுப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் எடை, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் புள்ளிகளே சுமக்கும். புள்ளிகள் நகர நகர, கட்டங்களை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எத்தனை தூரம் நகர்ந்தாலும் கட்டம் கோணாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் இந்த முறையில், மணலில் பைல் இறங்குவதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பைலைச் சுற்றி மணல் எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்று அதில் பார்க்க முடிகிறது.

ஆனால் ஆயிரக்கணக்கான சுத்தியல் அடிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது இன்றும் பெரும்பாடு. பல ஆய்வுகளில் பைலை அடிக்காமல், மெதுவாக அழுத்தி இறக்குவதாகவே வைத்துக்கொள்கிறார்கள். அடியின் அதிர்வால் பத்தடி தள்ளியுள்ள வீடு எவ்வளவு இறங்கும் என்பதற்குச் சுலபமான விடை இன்னும் இல்லை.

ஆகவே, உங்கள் பக்கத்து மனையில் பைல் வேலை தொடங்கினால், அடிக்கும் பைலா, துளையிடும் பைலா என்று முதலில் கேளுங்கள். அடிக்கும் பைல் என்றால், வேலை ஆரம்பிக்கும் முன்பே சுவர், தரை, பழைய விரிசல் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பேச வேண்டி வந்தால், இரண்டு பக்கத்துக்கும் அதுதான் ஆதாரம்.