அடுத்த தலைமுறை வரட்டும்

மனித வாழ்வின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழிகின்றது. மழையை நோக்கி உழவன் காத்திருக்கிறான். தேர்வு முடிவை எதிர்பார்த்து மாணவன் காத்திருக்கிறான். மகப்பேற்றை எண்ணித் தாய் நாள்களை எண்ணுகிறாள். இவற்றுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு; முடிவு உண்டு என்பதாலேயே அவை தாங்கத் தக்கவையாகின்றன. ஆனால், முடிவே இல்லாத ஒரு காத்திருத்தல் நம் இளைஞரிடையே வேரூன்றி வருவதைக் காண்கிறேன். கணிப்பொறியின் மூளை என்று சொல்லத்தக்க நுண்செயலியின் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பதே அது.

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பணியாற்றும் ஒரு குருவுக்கு இப்பொருளில் என்ன அக்கறை என்று வாசக அன்பர்கள் வினவலாம். நெல்லும் வேர்க்கடலையும் விளைவித்து வாழும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இக்காத்திருத்தலில் சிக்கிக் கிடந்ததை நேரில் கண்டதே அந்த அக்கறைக்குக் காரணம்.

எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் திரைக்காட்சிகளுக்கான முப்பரிமாண அசைவூட்டக் கலையைப் பயின்று ஊர் திரும்பினார். வீட்டிலிருந்தே தொழில் செய்வதற்கு ஆற்றல்மிக்க மேசைக் கணிப்பொறி ஒன்று தேவை. தந்தை சீட்டுப் பணத்தை எடுத்தார். கறவை மாடு ஒன்றையும் விற்றார். பணம் ஆயத்தமாயிற்று. கணிப்பொறிதான் வரவில்லை. "இன்னும் ஆறு மாசத்துல புதுத் தலைமுறை வருது ஃபாதர், வந்ததும் வாங்கிடலாம்" என்றார் மகன். அது வந்தது. வந்த சில வாரங்களிலேயே அதற்கடுத்ததைப் பற்றிய பேச்சுத் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கடந்தன. காஞ்சிபுரத்தில் திருமண நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் நிலையம் ஒன்று, அவற்றைத் தொகுத்துத் தரும் வேலையை இவருக்குத் தர முன்வந்தது. கருவி இல்லாததால் அவ்வேலையும் கைநழுவிற்று. சேர்த்த பணத்திலோ ஒரு பகுதி மருத்துவத்துக்கும் மற்றொரு பகுதி தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மாலை தந்தை என்னிடம் வந்தார். "சாமி, புது ரக நெல்லு வருதுன்னு சொல்லி நான் ஒரு போகம்கூட கழனியத் தரிசா போட்டதில்ல. இவன் என்னமோ காத்துக்கிட்டே இருக்கான். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். அறியாத பொருளைப் பற்றி அறிவுரை கூறுதல் முறையன்று. எனவே முதலில் அதனைக் கற்க முற்பட்டேன். மகனையே ஆசிரியராகக் கொண்டேன். படிப்பிக்கும்போது அவர் முகத்தில் தோன்றிய ஒளியைக் கண்டபின், இவரைச் சோம்பேறி என்று எவரும் சொல்லலாகாது என்பதை உணர்ந்தேன்.

1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 என்னும் சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கின. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று கார்டன் மூர் 1965-இல் கணித்தார். 1975-இல் அக்கால அளவை இரண்டு ஆண்டுகளாகத் திருத்தினார். இந்த வளர்ச்சியின் வேகமே காத்திருக்கும் ஆசையை விதைக்கின்றது. இன்று வாங்குவதைவிட நாளை வாங்குவது சிறந்தது என்னும் எண்ணம் இத்துறையில் வெறும் மயக்கமன்று. பலமுறை மெய்யாகவே நிகழ்ந்துள்ளது.

சான்றாக, 2017-இல் இன்டெல் நிறுவனம் 18 கோர்களைக் கொண்ட உயர்நிலை மேசைச் செயலியை 1,999 டாலர் விலையில் வெளியிட்டது. கோர் என்பது செயலிக்குள் தனித்து இயங்கும் கணக்கிடும் உறுப்பு. மறு ஆண்டு வந்த 18 கோர் செயலியின் விலை 1,979 டாலர். ஓராண்டு காத்திருந்தவர்க்கு விலையில் மிஞ்சியது 20 டாலர்! ஆனால் 2019-இல் வந்த 18 கோர் செயலியின் விலையோ 979 டாலர். போட்டி நிறுவனமான ஏஎம்டி, திரெட்ரிப்பர் என்னும் தன் செயலிகளால் நெருக்கியதே இவ்வீழ்ச்சிக்கு முதற்காரணம். இரண்டு ஆண்டுகள் பொறுத்தவர் பாதிக்கும் குறைவான விலையில் பெற்றார் என்பது உண்மை. எனினும் கதை அத்துடன் முடியவில்லை. இன்டெலின் அவ்வரிசை 2019-உடன் நின்றுவிட்டது. அதில் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருந்தோர் வராத ஒன்றுக்காகக் காத்திருந்தனர்.

இதற்கு முன்னும் இப்படி நிகழ்ந்ததுண்டு. பென்டியம் 4-க்குப் பின் வரவிருந்த செயலிக்குத் தேஜஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். ஒளி என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல்! வேகத்தைக் கூட்டக் கூட்ட வெப்பமும் மின்செலவும் கட்டுக்கடங்காது பெருகிய காலம் அது. 2004 மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரே கோரை மேன்மேலும் விரைவாக்கும் வழியை விடுத்து, பல கோர்களை ஒரே சில்லில் வைக்கும் வழிக்கு இன்டெல் திரும்பிற்று.

பல கோர்கள் இருந்தால் எல்லா வேலையும் அத்தனை மடங்கு விரைவாகுமோ? ஆகாது. நடவை நினைத்துப் பாருங்கள். பத்துப் பெண்கள் நடும் கழனியில் அறுபது பெண்கள் இறங்கினால் நடவு விரைவில் முடியும். ஆனால் நாற்றங்காலில் நாற்று வளர வேண்டிய நாள்களை எத்தனை பேர் கூடி நின்றாலும் குறைக்க இயலாது. பகிர்ந்து செய்யத்தக்க பகுதிதான் ஆள் கூடினால் விரையும். பகிர இயலாத பகுதி தன் காலத்தை எடுத்தே தீரும். கணிப்பொறித் துறையில் இவ்வுண்மையை 1967-இல் எடுத்துரைத்தவர் ஜீன் ஆம்டால். முப்பரிமாணக் காட்சிகளைத் தீட்டும் வேலை பெரும்பாலும் நடவு போன்றது; கோர்கள் கூடினால் விரையும். கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல் போன்றவற்றில் அத்தனை கோர்களுக்கும் வேலையே இராது. மேலும், ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் குறுகலாயிருப்பின், கழனியில் எத்தனை ஆள் நின்றும் பயனில்லை. நினைவகம் போதாத கணிப்பொறியில் விலையுயர்ந்த செயலியின் நிலையும் அதுவே.

இன்றைய உயர்நிலைச் செயலிகளைப் பார்ப்போம். 2023 நவம்பரில் வந்த திரெட்ரிப்பர் வரிசையின் தலைமைச் செயலியில் 64 கோர்கள். மின் அளவு 350 வாட். விலை 4,999 டாலர். 2025 சூலையில் வந்த அடுத்த தலைமுறையிலும் அதே 64 கோர்கள், அதே 350 வாட், அதே 4,999 டாலர். உள்ளமைப்பு சீர்ப்பட்டு வேகம் கூடியது மெய்யே. ஆனால் புதிய உலகம் ஒன்று பிறந்துவிடவில்லை. பழைய கூரை மின்விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 75 வாட் தேவை. அவ்வாறாயின், இச்செயலி முழுமூச்சாக உழைக்கையில் நான்கைந்து மின்விசிறிகளுக்குரிய மின்சாரத்தை உண்டு, அவ்வளவையும் வெப்பமாக உமிழும். சித்திரை வெயிலில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் சிற்றூர் வீட்டில் இதனைக் குளிர்வித்துக் காப்பதற்கே தனிச் செலவாகும். முதல் திரெட்ரிப்பரை 2017-இல் வாங்கியோர், 2019 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறையைத் தம் பழைய மதர்போர்டில் பொருத்த இயலவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். உச்சியில் உள்ளதை வாங்கிவிட்டால் எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்கியதாகிவிடும் என்று கொள்ள முடியாது.

இவற்றையெல்லாம் கற்றபின் அவ்விளைஞரை அமர்த்தி, ஒரு தாளில் மூன்று வினாக்களை எழுதச் சொன்னேன். இன்று உம் கைக்கு எட்டும் வேலை எது? அவ்வேலைக்கு எவ்வளவு ஆற்றல் போதும்? எந்த நாளுக்குள் வேண்டும்? முதல் வினாவுக்கு விடை எழுத அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். "தம்பி, இதுவரை நீர் எந்தச் செயலி என்று கேட்டீர்; எந்த வேலை என்று கேட்கவில்லை" என்றேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். பின், "சின்ன மெஷின்ல ஆரம்பிச்சா சின்ன ஆளாவே நின்னுடுவேனோன்னு பயம் ஃபாதர்" என்றார். காத்திருத்தலின் வேர் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. அது பொருளாசையன்று, தொடங்குவதற்கான அச்சம். அடுத்த தலைமுறை வரட்டும் என்னும் சொல் அந்த அச்சத்துக்கு நல்லதொரு போர்வையாய் அமைந்துவிட்டது.

அவருக்கு நான் சென்னை ஐ.ஐ.டி.யின் கதையைச் சொன்னேன். அங்குப் பேராசிரியர் காமகோடி தலைமையில் சக்தி என்னும் பெயரால் நம் நாட்டுச் செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றி, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ரிஸ்க்-ஃபைவ் என்னும் அடிப்படை மீது அவை அமைந்தவை. 2018-இல் ஒரு வடிவம் அமெரிக்காவில் இன்டெலின் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் சில்லாக்கப்பட்டது. அதே ஆண்டில் மற்றொன்று நம் நாட்டிலேயே, சண்டிகரிலுள்ள ஆலையில், 180 நானோமீட்டர் முறையில் உருவாயிற்று. 180 நானோமீட்டர் என்பது உலகின் முன்னணி ஆலைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை. மிகப் புதிய ஆலை நம் நாட்டில் அமையட்டும், பிறகு தொடங்கலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. அதே சண்டிகர் ஆலையில், விண்வெளிப் பணிகளுக்காக இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் சில்லு வெற்றிகரமாக இயங்கியதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. உயர்நிலை மேசைச் செயலிகளோடு இவற்றை ஒப்பிட இயலாது. வேலை வேறு, அளவு வேறு. ஆயினும் இருப்பதைக் கொண்டு தொடங்கியவர்களே அடுத்ததைச் செய்யும் தகுதியைப் பெற்றார்கள்.

2025 ஆவணியில் அவர் நடுத்தர ஆற்றலுடைய கணிப்பொறி ஒன்றை வாங்கினார். செயலி முந்திய தலைமுறையைச் சேர்ந்தது. அதில் மிச்சமான பணம் போதிய நினைவகத்துக்கும், மின்தடையைச் சமாளிக்கும் யு.பி.எஸ். கருவிக்கும் பயன்பட்டது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் மளமளவென உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கணிப்பொறிக் கூடங்கள் அவற்றை வாரிக்கொண்டதே காரணம். செயலிக்காகக் காத்திருந்தோரை நினைவகத்தின் விலை தாக்கிற்று. இப்படி நேரும் என்று அன்று அவரும் அறியார், நானும் அறியேன். முதல் மாதத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு திருமண வேலை. அதற்கும் பணம் தாமதமாகவே வந்தது. இப்போது மாதம் மூன்று நான்கு வருகின்றன. இரவில் தமக்கென்று ஒரு சிறு அசைவூட்டப் படத்தையும் தீட்டி வருகிறார். புதிய செயலிகளைப் பற்றிய செய்திகளை இன்றும் ஆர்வத்துடன் என்னிடம் கூறுவார். நானும் ஆர்வத்துடன் கேட்பேன். அதில் தவறொன்றும் இல்லை. எதிர்பார்ப்பு உழைப்பவனுக்கு மகிழ்ச்சியைத் தரும். உழைப்பைத் தள்ளிப்போடுகிறவனுக்கோ அது தளையாகும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைகள் காத்திருக்கும்போது சினவாதீர். எதை அஞ்சுகிறார்கள் என்று அருகமர்ந்து கேளுங்கள். இளைஞருக்கும் ஒன்று சொல்வேன். காத்திருக்கத்தான் வேண்டுமாயின், அதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாள் வந்ததும் சந்தையில் இருப்பதில் உங்கள் வேலைக்கு ஏற்றதை வாங்கித் தொடங்குங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நம் மண்ணில் போகங்கள் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு போகத்திலும் அன்று கையிலுள்ள விதையைத்தான் விதைக்க முடியும்.