மொரிஸ் மைனரின் வேகமானி

மொரிஸ் மைனர் காரின் வேகமானி வேகத்தைக் காட்டுவதற்கு மின்சாரத்தை நாடுவதில்லை. கியர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து புறப்படும் கேபிள், டாஷ்போர்டின் நடுவிலுள்ள வட்ட மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. பெர்லினில் ஒட்டோ ஷுல்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

மைல் எண்ணும் உருளைகளுக்கும் இந்தக் காந்தத்துக்கும் தொடர்பில்லை. அவை பற்சக்கரங்களால் நேரே கேபிளோடு பூட்டப்பட்டவை. பிழை தேடும் வழி முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. மைல் கணக்குச் சரியாக இருந்து முள் மட்டும் பொய் சொன்னால் கோளாறு மீற்றருக்குள். காந்தம் பலம் குன்றினால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். முள்ளும் மைல் கணக்கும் ஒரே விகிதத்தில் பிழைத்தால் மீற்றரில் குற்றமில்லை. ரயரையோ பின் அச்சையோ பார்க்க வேண்டும். முள் நடுங்கித் துள்ளினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கோ மடிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கராஜில் இந்த வேலையை முதலிலிருந்து முடிவுவரை பார்த்தேன். குடாநாட்டில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் இன்றும் ஓடுகின்றன. போர்க்காலத்து எரிபொருள் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. கையில் கிடைத்த உதிரிப்பாகத்தைப் பூட்டித்தான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வேகமானிப் பிழைகளின் வேரும் பல கார்களில் அதே மாற்றங்களில்தான் கிடக்கிறது. மீற்றர் அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த கார் மாறிவிட்டது.

வந்திருந்த கார் 948 சிசி எஞ்சின் கொண்டது. ஏ9 வீதியின் கிலோமீற்றர்க் கற்களை வைத்து முதற் சோதனை நடந்தது. முள்ளை 30 மைலில் நிறுத்தி ஓட்டினால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 74½ விநாடி ஆக வேண்டும், ஆனது 70. கார் முள் காட்டியதைவிட வேகமாக ஓடுகிறது. 50 கிலோமீற்றர் ஓடியபின் மைல் கணக்கு 31 கூடியிருக்க வேண்டும், 29தான் கூடியது. முள்ளும் உருளையும் ஒரே அளவில் பின்தங்குகின்றன. உரிமையாளர் மீற்றரைக் கழற்றத் தயாராக நின்றார். "மீற்றரிலை கை வையாதையும் தம்பி, முதல்லை சில்லைச் சுத்திப் பாப்பம்" என்றார் மூத்த மெக்கானிக். அந்த ஒரு பேச்சிலேயே தொழில் தெரிந்தவரை அடையாளம் காணலாம்.

அடுத்து கேபிளின் சுற்றுகளை எண்ண வேண்டும். மீற்றர் பக்கத்தில் கேபிளைக் கழற்றி, வெளியே நீட்டும் உள்கம்பியின் நுனியில் ஒரு கடதாசி அம்பை ஒட்டினார்கள். பின் ரயரில் வெண்கட்டிக் கோடு. கியரை நியூட்ரலில் விட்டு, சில்லு 6 முறை சுற்றும்வரை இருவர் காரைத் தள்ள, உள்ளே குந்தியிருந்த பையன் அம்பின் சுற்றுகளைச் சத்தமாக எண்ணினான்: ஒன்பதும் மூன்றில் ஒன்றும். தள்ள இடமில்லாமல் ஒரு சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் 6 போதாது, 12 சுற்று வேண்டும். மறுசில்லு நிற்பதால் டிஃபரென்ஷியல் பாதியைத்தான் தரும். பின் அச்சின் மையத்திலிருந்து நிலம்வரை 11.4 அங்குலம். 1680ஐக் கேபிள் சுற்றுகளால் பெருக்கி அந்த அங்குலத்தால் வகுத்தால் ஒரு மைலுக்கான சுற்று வரும். வந்தது 1375. டயலின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது 1472.

காரணம் அதன்பின் தெளிவு. 948 சிசி மைனருக்கு டிஃபரென்ஷியல் விகிதம் 4.55, 1962இல் வந்த 1098 சிசி மைனருக்கு 4.22. யாரோ எப்போதோ பின்னதை இதில் பூட்டியிருக்கிறார்கள். கேபிள் புறப்படுவது டிஃபரென்ஷியலுக்கு முன்னால் என்பதால், அதே தூரத்துக்கு அது இப்போது குறைவாகவே சுற்றுகிறது.

திருத்தம் இரண்டு விதம். கேபிளின் வழியில் விகிதம் மாற்றும் சிறிய பற்சக்கரப் பெட்டியைப் பூட்டினால் முள்ளும் மைல் கணக்கும் சேர்ந்து திருந்தும். அதுவே முழுமையான வழி. அது கிடைக்காததால் காந்தத்தின் பலத்தை மாற்றுவதென்று முடிவாயிற்று.

மீற்றரின் வளையத்தைத் திருகிக் கழற்றியதும், முள்ளை நிறுத்தும் ஆணிக்கு மேலாக அதைத் தூக்கிவிட்டு, அது தானாக ஓயும் இடத்தைக் குறித்துக்கொண்டார் மெக்கானிக். இந்தக் குறிப்பு இல்லாமல் முள்ளைக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது பழைய இடம் கிடைக்காது. பின்பு இரண்டு தேக்கரண்டிகளை இருபுறமும் கொடுத்து, முள்ளைச் சமமாக நெம்பினார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. சுருள்வில் ஒருமுறை நெளிந்தால் முடிந்தது.

60 மைல் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைல் என்பதால், கேபிள் நிமிடத்துக்கு 1375 முறை சுற்றும்போது முள் 60இல் நிற்க வேண்டும். முள்ளைக் குறித்த இடத்தில் திரும்பப் பூட்டியபின், கைத்துரப்பணத்தில் சதுரமுனைக் கம்பியை மாட்டி, சுற்றுமானியால் அளந்து அந்த வேகத்தில் ஓட்டினார்கள். முள் 56இல் நின்றது. மின்சுருளுக்குள் வைத்துக் காந்தத்தை முதலில் நிறைய ஏற்றி, பிறகு சிறிது சிறிதாக இறக்கி 60க்குக் கொண்டுவந்தார்கள். நிறைய ஏற்றி இறக்கிய காந்தமே நெடுநாள் நிலைத்து நிற்கும். பாதிச் சுற்றில் 30 காட்டுகிறதா என்றும் பார்த்தார்கள். காட்டியது.

கேபிளின் உள்கம்பியைத் துடைத்து, மேசையில் உருட்டி நெளிவு பார்த்து, மெல்லிய கிரீஸ் பூசினார்கள். மேல்முனையில் 8 அங்குலத்துக்குப் பூசவில்லை. கிரீஸ் மீற்றருக்குள் ஏறினால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டி, முள் தாறுமாறாக எகிறும்.

மறுபடி ஏ9 வீதி. முள் 30இல், இரண்டு கிலோமீற்றருக்கு 149 விநாடி. உருளைகள் பழையபடியே குறைத்து எண்ணும். 100 மைல் காட்டினால் ஓடியது 107 என்று எழுதிய ஒரு சீட்டைச் சன்மறைப்பின் பின்னால் ஒட்டிவிட்டுத்தான் காரைக் கையளித்தார் மெக்கானிக்.