பென்ஷனும் தத்துவமும்

“பென்ஷன் வரட்டும், பிறகு நாலு பேர் கூடித் தத்துவ விசாரம் செய்வோம்” என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருடைய சங்கற்பம். பென்ஷன் தவறாமல் வந்துவிடுகிறது, தத்துவந்தான் வருவதில்லை. முழங்கால் வலியும் பேரன் பேத்திகளும் அதை முந்திக்கொள்கின்றன.

பத்மநாபபுரத்தில் அத்தகைய சபையொன்றைத் தொடங்குவதென்று சென்ற ஆவணியில் பேச்சு எழுந்தது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை மனமுவந்து அளித்தார். ஆனால், உத்தியோகத்திலிருந்து விலகியவர்களே அங்கத்தினராகலாம் என்று ஒரு விதியும் செய்தார். நாற்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியனாகிய நான் விருந்தாளியாகவே உட்கார வேண்டியவனானேன். விருந்தாளிக்கு யோசிக்க நேரம் உண்டு. அந்த விதியைப் பற்றியே யோசித்தேன்.

இந்தக் கல்குளம் தாலுகா திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளையவர்கள். 1855-ல் பிறந்த அவர், 1885-ல் அந்நகரில் சைவப் பிரகாச சபையை நிறுவினார். 1891-ல் நாடகத்தை வெளியிட்டார். 1892 டிசம்பரில் விவேகானந்த சுவாமிகள் கன்னியாகுமரிக்கு வருமுன் திருவனந்தபுரத்தில் அவரைச் சந்தித்து அளவளாவினார். 1897-ல் பிள்ளையவர்கள் காலமானபோது வயது நாற்பத்திரண்டு. பென்ஷனுக்காகக் காத்திருந்தால் சபையும் இல்லை, நாடகமும் இல்லை.

இதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். “அவர் மேதை, ஐயா! நம்மைப் போன்றவர்களுக்கு ஓய்வு வேண்டாமா?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மேதைகளை விட்டுவிட்டாலும், பக்கத்துத் தக்கலையில் அதற்கு விடை இருக்கிறது. அங்கே அடக்கமாகியிருக்கும் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்பார்கள். அவருடைய ‘ஞானப்புகழ்ச்சி’யை ஆண்டுதோறும் நினைவு விழாவில் மக்கள் கூடியிருந்து இரவு முழுவதும் பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள் அல்லர்; விடிந்தால் தொழிலுக்குப் போக வேண்டியவர்களும் அவர்களிடையே உண்டு.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’யும் நினைவுக்கு வந்தது. அங்கே கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அதைச் சுவைத்து முடிப்பதற்கு அவசரமே இல்லை. தத்துவத்துக்கும் அதுவே முறை என்று தோன்றியது. உலகத்தின் ஆதி அந்தங்களையெல்லாம் ஒரே மாலையில் தீர்த்துவிட முயலும் சபை, மறு மாதம் கூடுவதில்லை. ஒரு குறளையோ, ஓர் உபநிடத வாக்கியத்தையோ, சாக்ரடீஸின் ஒரு கேள்வியையோ மெல்ல ஆராயும் சபையே நீடிக்கும்.

விதியை மாற்றியது என் வாதம் அன்று. மூன்றாம் கூட்டத்தில் மாயாவாதம் உச்சத்தில் இருந்தது. அப்போது காப்பித் தட்டுடன் வாசற்படியில் நின்ற வீட்டு அம்மாள், “எல்லாம் மாயை என்கிறீர்கள், காப்பி ஆறிப்போனால் மட்டும் கோபம் வருகிறதே, அது எப்படி?” என்று கேட்டார். சிரித்தோம், ஆனால் விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. தலைமை ஆசிரியர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “உனக்குப் பென்ஷன் எப்போது?” என்று மனைவியைக் கேட்டார். “அடுப்புக்கு ஓய்வு ஏது?” என்றார் அம்மாள். அன்றே அந்த விதி ரத்தாயிற்று.

இப்போது கூட்டம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. பெண்மணிகளுக்கு ஒழிகிற நேரம் அதுதான். காப்பியை முறைபோட்டுக் கொண்டு ஆண்களே தயாரிக்கிறோம். ஒருவர் பேசியதை அடுத்தவர் முதலில் சரியாக எடுத்துரைத்துவிட்டே மறுக்க வேண்டும் என்பது புதிய விதி. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பாதிச் சண்டைகள் எடுத்துரைக்கும்போதே ஓய்ந்துவிடுகின்றன.

இவ்வூர் அரண்மனையில் மந்திரசாலை ஒன்று இருக்கிறது. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசித்த மண்டபம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. இன்று யாத்திரிகர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அக்காலத்தில் ஆலோசிக்கும் உரிமை சிலருக்கே இருந்தது. சுயராஜ்யத்தில் அது எல்லோருக்கும் உரியது. பிறர் சொல்லைப் பொறுமையாகக் கேட்டு, பகையின்றி மறுக்கும் பழக்கமும் எல்லோருக்கும் வேண்டும். அப்பழக்கத்தை அறுபது வயதுக்கு ஒத்திப்போடுவது நாட்டுக்கும் நல்லதன்று, வீட்டுக்கும் நல்லதன்று. உங்கள் ஊரிலும் ஒரு திண்ணை இருக்குமல்லவா?